எத்தனை மீட்டர் அலையைத் தாங்கும்?

கப்பல்களின் வரைபடங்களைச் சரிபார்த்துத் தரச்சான்று தரும் ‘கிளாஸ்’ நிறுவனமொன்றில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வுபெற்ற கட்டமைப்புப் பொறியாளர், இந்த இதழில் அலைச்சுமை பற்றிய வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

அம்மா, என் மகன் கன்டெய்னர் கப்பலில் மூன்றாம் அதிகாரி. ஜூன், ஜூலையில் அவன் அரபிக்கடலைத் தாண்டும்போது எங்கள் வீட்டில் யாருக்கும் சரியான தூக்கம் கிடையாது. உன் கப்பல் எத்தனை மீட்டர் அலை வரை தாங்கும் என்று கேட்டால் சிரிக்கிறான். நீங்களாவது சொல்லுங்கள்.
— ஒரு தந்தை, தூத்துக்குடி

சிரித்ததோடு நிறுத்தாமல் காரணத்தையும் சொல்லியிருக்கலாம் உங்கள் பிள்ளை. பரவாயில்லை ஐயா, நான் சொல்கிறேன். பத்து மீட்டர், பதினைந்து மீட்டர் என்று ஏதாவது ஓர் எண்ணைச் சொன்னால் உங்களுக்கு நிம்மதியாக இருக்கும். ஆனால் அப்படி ஓர் எண் எந்தக் கப்பலின் ஆவணத்திலும் இருக்காது.

உயரத்தை மட்டும் வைத்துக்கொண்டு கப்பலின் உடலில் என்ன விசை விழும் என்று சொல்ல முடியாது. அலையின் நீளம் தெரிய வேண்டும். 300 மீட்டர் கப்பலுக்கு அடியில் 60 மீட்டர் நீள அலைகள் ஓடினால், ஒரே நேரத்தில் ஐந்து முகடும் ஐந்து பள்ளமும் அடியில் இருக்கும். ஒன்று தூக்குகிற இடத்துக்குப் பக்கத்திலேயே இன்னொன்று இறக்கிவிடும், கணக்கு நேராகிவிடும். அலையின் நீளம் ஏறக்குறையக் கப்பலின் நீளத்துக்கே வரும்போதுதான் வம்பு. முகடு நடுவில் நின்றால் இரண்டு முனைகளுக்கும் தாங்கல் குறைந்து அவை கீழே தொங்கப் பார்க்கும். இதை ஹாகிங் என்போம். அலை பாதி நகர்ந்ததும் முனைகள் இரண்டும் முகட்டில், நடுப்பகுதி பள்ளத்தில். இது சாகிங். நீளமான பலகைக்கு நடுவில் ஒரு செங்கல் வைத்து மிதித்துவிட்டு, அடுத்து முனைக்கு ஒன்றாக இரண்டு செங்கல் வைத்து மிதியுங்கள். கப்பலுக்கு அதேதான் நடக்கிறது. பத்துப் பன்னிரண்டு விநாடிக்கு ஒரு முறை, இருபத்தைந்து வருடத்துக்கு.

அலையின் நீளத்தை யாரும் நாடா பிடித்து அளப்பதில்லை. ஒரு முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் இடையே எத்தனை விநாடி என்று பார்த்து, அதை அதனாலேயே பெருக்கி, வருவதை 1.56 ஆல் பெருக்கினால் ஆழ்கடலில் அலையின் நீளம் மீட்டரில் கிடைத்துவிடும். 8 விநாடி அலை என்றால் சுமார் 100 மீட்டர். 14 விநாடி அலை என்றால் 306 மீட்டர். ஆகவே 300 மீட்டர் கப்பலில் இருப்பவர்கள், நுரை தள்ளிக்கொண்டு வரும் 8 விநாடி அலையைவிட, பார்க்கச் சாதுவாக வரும் 14 விநாடி நெடிய அலையைத்தான் கவனிப்பார்கள். முகட்டுக்கு முகடு ஆகும் அந்த விநாடிக் கணக்கைத்தான் பீரியட் என்போம். அடுத்த முறை மகன் பேசும்போது ‘பீரியட் எவ்வளவு?’ என்று கேளுங்கள். அப்புறம் சிரிக்க மாட்டான்.

கிளாஸ் நிறுவனங்களின் கூட்டமைப்பான ஐ.ஏ.சி.எஸ். 1989-ல் கொண்டுவந்த பொதுச் சூத்திரத்தில்கூட அலையின் உயரம் என்று நேரடியாக எதுவும் கிடையாது. கப்பலின் நீளம், அகலம், உடல் எவ்வளவு தடித்தது என்பதைச் சொல்லும் பிளாக் குணகம், நீளத்தைப் பொறுத்து மாறும் ஒரு கெழு, அவ்வளவுதான். 200 மீட்டர் நீளம், 32.2 மீட்டர் அகலம், 0.82 பிளாக் குணகம் உள்ள ஒரு பல்க் கேரியருக்கு (தானியம், தாது போன்றவற்றை மொத்தமாகக் கொட்டி ஏற்றும் கப்பல்) போட்டுப் பார்த்தால், அலை தரும் வளைவுத் திருப்புமை ஹாகிங்கில் சுமார் 2 லட்சம் டன்-மீட்டர் வரும். 200 மீட்டர் நீளக் கையின் நுனியில் ஆயிரம் டன்னைத் தொங்கவிட்டதற்குச் சமம். இதோடு, அலையே இல்லாத துறைமுகத்தில் சரக்கு ஏற்றிய விதத்தால் வரும் வளைவையும் கூட்ட வேண்டும். அதன் எல்லை கப்பலின் லோடிங் மேனுவலில் இருக்கும். அதை மீறாமல் பார்த்துக்கொள்வது சீஃப் ஆஃபீசரின் வேலை. கடல் எப்படி இருக்கும் என்பது யார் கையிலும் இல்லை, இது மட்டும் அவர் கையில் இருக்கிறது.

2013-ல் அரபிக்கடலில் இரண்டாக முறிந்த ‘எம்.ஓ.எல். கம்ஃபர்ட்’ ஐந்து வயதுக் கப்பல். துருப்பிடித்த பழைய கப்பல் முறிந்தால் புரிந்துகொள்ளலாம். இத்தனை கணினிக் கணக்கும் போட்ட புதுக் கப்பல் எப்படி முறியும்?
— ஒரு வாசகி, நாகப்பட்டினம்

எங்கள் தொழிலில் இருக்கிற எல்லோரும் அந்த ஜூன் மாதம் இதே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தோம்.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கம்: 316 மீட்டர் நீளக் கப்பல், ஜப்பானில் கட்டி 2008-ல் வந்தது. சிங்கப்பூரிலிருந்து ஜித்தாவுக்கு 4,382 கன்டெய்னர்களோடு போய்க்கொண்டிருந்தபோது, 2013 ஜூன் 17 அன்று, ஏமன் கரையிலிருந்து சுமார் 200 கடல் மைல் தொலைவில் நடுவில் முறிந்தது. மும்பை கடல்சார் மீட்பு மையம் அக்கம்பக்கத்துக் கப்பல்களைத் திருப்பிவிட்டது. 26 பேரும் பிழைத்தார்கள். பின்பாதி பத்து நாளில் மூழ்கியது. முன்பாதியை இழுத்துப் போகும் வழியில் தீப்பிடித்து, அதுவும் ஜூலையில் போய்விட்டது. ஆக, உடைந்த இடத்தை யாரும் கண்ணால் பார்க்க முடியவில்லை. விசாரித்தவர்களுக்குக் கிடைத்தவை மாலுமிகளின் வாக்குமூலம், புகைப்படங்கள், அதே வரைபடத்தில் கட்டிய சகோதரிக் கப்பல்கள்.

முதலில் எல்லோரும் சந்தேகப்பட்டது மேல்தளத்து இரும்பை. அந்தக் கப்பலின் ஹாட்ச் கோமிங்கில், அதாவது சரக்கறை வாயைச் சுற்றி எழும்பி நிற்கும் சுவரில், அப்போது புதிதாக வந்திருந்த மிகு வலிமை எஃகைப் போட்டிருந்தார்கள். புதிய பொருளின் மேல் பழி போடுவது எங்கள் ஆட்களுக்குச் சுலபம். ஆனால் முறிவு தொடங்கியது மேலே இல்லை, அடித்தட்டில். நடுப்பகுதியில் உள்ள ஆறாம் எண் சரக்கறைக்குக் கீழே. சகோதரிக் கப்பல்களை உலர்துறையில் ஏற்றிப் பார்த்தபோது, அடித்தகடுகள் அதே பகுதியில் 20 மில்லிமீட்டர் அளவுக்கு நெளிந்திருந்தன.

இனி, கடல் அந்த அடித்தட்டை என்ன செய்தது என்று பாருங்கள். கன்டெய்னர் கப்பலின் முன்பின் முனைகள் ஒல்லி. அங்கே தண்ணீர் தாங்குவது குறைவு, ஆனால் பெட்டிகள் அங்கேயும் அடுக்கப்படும். அதனால் அது துறைமுகத்தில் நிற்கும்போதே ஹாகிங்கில்தான் இருக்கும். ஹாகிங்கில் மேல்தளம் இழுபடும், அடித்தட்டு நெருக்கப்படும். இப்போது ஒரு நீள அலையின் முகடு நடுவில் வருகிறது. நெருக்கம் கூடுகிறது. அதே முகடு, அதே விநாடியில், நடுப்பகுதியில் தண்ணீர் மட்டத்தையும் ஏற்றுகிறது. கீழேயிருந்து மேல்நோக்கி அழுத்தம் கூடுகிறது. உள்ளே இருப்பதோ பெட்டிகள். தாதுவோ எண்ணெயோ போல அந்த அழுத்தத்தை எதிர்த்துக் கீழே தள்ளும் கனம் அவற்றுக்கு இல்லை. இரண்டு குறுக்குச் சுவர்களுக்கு இடையில் அடித்தட்டு மொத்தமாக மேல்நோக்கி வளைகிறது. அப்படி வளையும்போது வெளித்தகட்டுக்கு நடுவில் இன்னொரு பங்கு நெருக்கம். இரண்டும் ஒரே தகட்டில் போய்ச் சேர்கின்றன.

கப்பலின் மொத்த வளைவு தனிக் கணக்கு, அடித்தட்டின் வளைவு தனிக் கணக்கு என்று பிரித்துப் பார்த்தால் இரண்டிலும் தேர்ச்சி கிடைக்கும். இரண்டும் ஒன்றாக வரும் கணத்தைப் பார்த்தால்தான் தகடு நெளிவது தெரியும். இதோடு, முன்பக்கம் அலையில் மோதும்போது கப்பலின் நீளம் முழுவதும் அதிரும் விப்பிங் இருக்கிறது. பெட்டிகளின் உண்மை எடை, காகிதத்தில் எழுதிய எடையோடு ஒத்துப்போகாத பிரச்சினையும் இருக்கிறது. அன்றைக்கு அலை ஐந்தரை மீட்டர் சுற்றித்தான் என்று செய்திகள் சொல்லின. தென்மேற்குப் பருவக்காற்றில் அது அதிசயமே இல்லை. அதனால்தான் முந்தைய பதிலில் உயரத்தைப் பற்றி அப்படிச் சொன்னேன்.

இதற்குப் பிறகு ஐ.ஏ.சி.எஸ். கன்டெய்னர் கப்பல்களுக்கென்றே தனி விதிகள் எழுதியது. 2016 ஜூலை முதல் தேதியிலிருந்து அவை நடைமுறையில் உள்ளன. அடித்தட்டின் வளைவையும் கப்பலின் வளைவையும் சேர்த்துப் பார்ப்பது அவற்றில் கட்டாயம். அகலக் கப்பல்களுக்கு விப்பிங்கையும் கணக்கில் எடுக்க வேண்டும். அதே தேதியில்தான் ஏற்றுமுன் ஒவ்வொரு பெட்டியின் எடையையும் உறுதிசெய்ய வேண்டும் என்ற, கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஒப்பந்தமான சோலாஸின் விதியும் வந்தது. இன்று துறைமுக வாசலில் எடைமேடையில் லாரிகள் வரிசை கட்டி நிற்பதைத் திட்டுபவர்கள் இதை நினைத்துக்கொள்ளலாம்.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. ஒரு கப்பல்தளத்திலிருந்து வந்த கணக்கில், ஓர் இளைஞர் அதிகபட்ச ஹாகிங், அதிகபட்ச உருளல், அதிகபட்சப் பக்கவாட்டு அழுத்தம் மூன்றையும் ஒரே கணத்தில் போட்டிருந்தார். தகடு தடிமன் எங்கேயோ போய் நின்றது. ‘பாதுகாப்பாக இருக்கட்டும் என்று போட்டேன்’ என்றார். எதிர்நோக்கி வரும் அலையில் அதிகபட்ச ஹாகிங் வரும். பக்கவாட்டு அலையில் அதிகபட்ச உருளல் வரும். ஒரே கப்பல் ஒரே நேரத்தில் இரண்டு திசைக்கும் மூக்கை நீட்ட முடியாது என்று சொல்லித் திருப்பி அனுப்பினேன். டேங்கர், பல்க் கேரியர்களுக்கான பொது விதிகளில் இதற்காகத்தான் எச்.எஸ்.எம். (எதிர் அலை), பி.எஸ்.ஆர். (பக்கவாட்டு அலை), ஓ.எஸ்.டி. (சாய்வாக வரும் அலை) என்று தனித்தனிச் சுமை நிலைகள் இருக்கின்றன. எது உச்சத்தில் இருக்கும்போது மற்றவை எத்தனை பங்கு இருக்கும் என்று ஒவ்வொன்றுக்கும் அட்டவணை உண்டு. சலிப்பான அட்டவணைதான். ஆனாலும் முழு விதிப்புத்தகத்திலும் எனக்குப் பிடித்த பக்கங்கள் அவை.

மேடம், நான் எம்.டெக். மாணவன். ஒரு டேங்கரைச் சிறு சிறு கட்டங்களாகப் பிரித்துக் கணக்கிடும் முழு ஃபைனைட் எலிமென்ட் மாடலில், கப்பலைக் குறுக்கே துண்டு துண்டாக எடுத்து அலைவிசையைக் கணக்கிடும் ஸ்ட்ரிப் தியரி மென்பொருள் தந்த அலை அழுத்தத்தை ஏற்றினேன். மாடலைப் பிடித்துவைத்த புள்ளிகளில் ஆயிரக்கணக்கான டன் எதிர்விசை வருகிறது. கூடுதல் இடங்களில் பிடித்துவைத்தால் சரியாகிவிடும் என்கிறார்கள் நண்பர்கள்.
— ஒரு மாணவர், சென்னை

தம்பி, அந்த நண்பர்களோடு தேநீர் குடியுங்கள், கணக்குப் போடாதீர்கள். கடலில் கப்பலை யார் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்? அது மிதக்கிறது. மாடல் கணினியில் ஓடிப்போகாமல் இருக்க மூன்று புள்ளிகளில் ஆறு திசைகளை மட்டும் கட்டிவைக்கிறோம். அங்கே வரும் எதிர்விசை கிட்டத்தட்ட சுழியாக இருக்க வேண்டும். சுழி இல்லையென்றால் சுமை சமநிலையில் இல்லை. இன்னும் பத்து இடத்தில் கட்டினால் அந்தத் தவறு பத்து இடத்துக்குப் பங்கு பிரிந்துவிடும், உங்கள் கண்ணில் படாமல் போகும், அவ்வளவுதான்.

அநேகமாக நீங்கள் தண்ணீரின் அழுத்தத்தை மட்டும் ஏற்றியிருப்பீர்கள். கப்பல் அந்த நொடியில் மேலும் கீழும் முடுக்கத்தோடு அசைந்துகொண்டிருக்கிறது. எஃகு, எந்திரம், டாங்கிலுள்ள எண்ணெய் எல்லாவற்றுக்கும் நிறையை முடுக்கத்தால் பெருக்கிய நிலைம விசையை எதிர்த்திசையில் கொடுக்க வேண்டும். அதைக் கொடுத்தும் மிச்சம் வந்தால், இரண்டு மென்பொருளிலும் நிறை ஒன்றுதானா என்று பாருங்கள். மொத்த டன் ஒத்துப்போகும், ஆனால் ஈர்ப்பு மையம் ஒரு மீட்டர் முன்னால் போயிருக்கும். நான் பார்த்தவற்றில் பாதி இதுதான். அடுத்தது, அழுத்தத்தை ஒரு வலையிலிருந்து இன்னொரு வலைக்கு மாற்றும் இடம். தண்ணீரின் அழுத்தத்தைக் கணக்கிடும் ஹைட்ரோ வலையில் ஒரு கட்டம் உங்கள் கட்டமைப்பு வலையில் நாற்பது கட்டமாக இருக்கும். முன்பின் முனைகளின் வளைந்த தகடுகளில் தொகை தவறும். நீர்க்கோட்டுக்கு அருகில் இன்னொரு தொல்லை: ஸ்ட்ரிப் தியரி போன்ற நேரியல் கோட்பாட்டுக்குத் தண்ணீர் அந்தக் கோட்டைத் தாண்டி ஏறுவது தெரியாது. முகடு வந்த பக்கம் கோட்டுக்கு மேலே அழுத்தத்தை நீட்டவும், பள்ளம் வந்த பக்கம் வெளியே தெரியும் தகட்டில் அதைச் சுழியாக்கவும் நீங்கள்தான் ஏற்பாடு செய்ய வேண்டும்.

எந்த அலையை ஏற்றினீர்கள் என்று எழுதவில்லை. சும்மா 10 மீட்டர் என்று எடுத்திருந்தால் மாற்றுங்கள். நடுப்பகுதி வளைவை ஒரு மீட்டர் அலைவீச்சுக்கு (வீச்சு என்பது உயரத்தில் பாதி) கணக்கிட்டு, எந்த நீள அலையில் அது உச்சமாகிறது என்று பாருங்கள். உச்சத்தில் மீட்டருக்கு 3 லட்சம் கிலோநியூட்டன்-மீட்டர் வருகிறது, விதி சொல்லும் நீண்டகால உச்சம் 19.6 லட்சம் என்று வைத்துக்கொண்டால், அலைவீச்சு ஆறரை மீட்டர், உயரம் 13 மீட்டர். அந்த அலையை, வளைவு உச்சமாகும் கணத்தில் நிறுத்தி அழுத்தத்தை எடுங்கள். எந்தக் கணம் என்பதை விட்டுவிட்டு வீச்சுகளை மட்டும் எடுத்தால், மேலே சொன்ன இளைஞரின் கதைதான்.

ஸ்ட்ரிப் தியரியைப் பற்றி ஒரு வார்த்தை. 1970-ல் சால்வசென், டக், ஃபால்டின்சென் மூவரும் எழுதிய வடிவமே இன்றும் பெரும்பாலான மென்பொருள்களின் உள்ளே இருக்கிறது. நீளமான ஒல்லி உடலுக்கு அது நன்றாகவே வேலை செய்யும். நானும் அதை நம்பித்தான் பிழைத்தேன். ஆனால் அதற்கு ஹாகிங்கும் சாகிங்கும் ஒரே அளவு. பக்கவாட்டுச் சுவர் நேராக நிற்கிறது என்று எடுத்துக்கொள்வதால் வரும் விளைவு அது. விதியின் சூத்திரம் அப்படி இல்லை. 0.82 குணகமுள்ள கப்பலுக்கு சாகிங் 7 சதவீதம் அதிகம். 0.65 உள்ள கன்டெய்னர் கப்பலுக்கு 20 சதவீதம் அதிகம், ஏனென்றால் அதன் முகப்பும் பின்புறமும் மேலே போகப்போக விரிந்திருக்கும். முகடு அங்கே ஏறும்போது தாங்கல் சட்டென்று கூடும். நீங்கள் எடுத்திருப்பது டேங்கர் என்பதால் தப்பித்தீர்கள்.

நம் கப்பல்கள் இந்தியப் பெருங்கடலில் ஓடுகின்றன. எதற்காக வட அட்லாண்டிக் அலைக்குக் கணக்குப் போட்டு எஃகை வீணடிக்க வேண்டும்?
— ஒரு வாசகர், கோயம்புத்தூர்

கப்பலை வாங்குகிறவர் அடுத்த வருடம் யாருக்கு விற்பார், அவர் எந்தக் கடலுக்கு அனுப்புவார் என்று கட்டும்போது தெரியாது. எல்லைக் கட்டுப்பாடு இல்லாத கப்பல் என்றால் வட அட்லாண்டிக்கின் நான்கு பகுதிகளின் அலைப்புள்ளிவிவரம்தான் அடிப்படை. இருபத்தைந்து ஆண்டில் ஒரு கப்பல் சந்திக்கும் அலைகள் ஏறக்குறைய பத்துக் கோடி. எட்டு விநாடிக்கு ஒன்று என்று நீங்களே பெருக்கிப் பாருங்கள். அதில் ஒரு முறை வரக்கூடிய உச்சத்துக்குத்தான் கணக்கு. கரையோரம் மட்டும் ஓடுவேன் என்று எழுதிக்கொடுத்தால் சுமையைக் குறைத்துக்கொள்ள விதியில் இடம் இருக்கிறது. பிறகு அந்தக் கப்பலை வேறெங்கும் அனுப்ப முடியாது என்பதால் பலரும் எழுதிக்கொடுப்பதில்லை.

ஆனால் உங்கள் கேள்வியில் நியாயம் இருக்கிறது. பழைய புள்ளிவிவரம் பெரும்பாலும் கப்பல்களில் இருந்தவர்கள் கண்ணால் பார்த்துக் குறித்தது. 2022-ல் அதைத் திருத்தினார்கள். கணினியில் மீட்டுருவாக்கிய அலைத் தரவையும், கப்பல்கள் தங்கள் இருப்பிடத்தைத் தாமாகவே ஒலிபரப்பும் ஏ.ஐ.எஸ். கருவியிலிருந்து அவை உண்மையில் எங்கே இருந்தன என்ற பதிவையும் சேர்த்தார்கள். புயல் வருகிறதென்றால் கேப்டன்கள் விலகிப் போகிறார்கள் என்ற உண்மை அதில் கணக்குக்கு வந்துவிட்டது. எனக்கு இதில் முழு மகிழ்ச்சி இல்லை. கேப்டனின் விவேகத்தை நம்பித் தகட்டைக் குறைத்தால், என்ஜின் நின்றுபோன நாளில் அந்த விவேகம் எதற்கு உதவும்?

2004 சுனாமியின்போது நடுக்கடலில் இருந்த கப்பல்கள் ஏன் முறியவில்லை?
— ஒரு மாணவி, கடலூர்

நடுக்கடலில் அதன் உயரம் ஒரு மீட்டர்கூட இல்லை, நீளமோ நூற்றுக்கணக்கான கிலோமீட்டர். அத்தனை நீளத்தில் கப்பல் மொத்தமாக மெதுவாக ஏறி இறங்கும், வளையவே வளையாது. கரையில் கட்டியிருந்த கப்பல்களின் கதைதான் வேறு.

கப்பல் எவ்வளவு வளைகிறது என்பதைப் பயணத்தின்போதே அளக்க முடியாதா?
— ஓய்வுபெற்ற மாலுமி, காரைக்கால்

முடியும். மேல்தளத்தில் திரிபுமானிகளைப் பொருத்தி, அளவீட்டைப் பிரிட்ஜில் காட்டும் கருவிகள் இருக்கின்றன. 20,000 டன்னுக்கு மேற்பட்ட பல்க் கேரியர்களுக்கு இதைப் பொருத்தும்படி பன்னாட்டுக் கடல்சார் அமைப்பு 1994-லேயே பரிந்துரைத்தது. பரிந்துரை என்பதால் பல உரிமையாளர்கள் பொருத்தவில்லை.

பொருத்தியவர்களுக்கு ஒன்று சொல்வேன். திரையில் தெரிவது மானி இருக்கும் இடத்தின் திரிபு மட்டும். 2007 ஜனவரியில் ஆங்கிலக் கால்வாயில் ‘எம்.எஸ்.சி. நாப்போலி’ முறிந்தது நடுப்பகுதியில் இல்லை, பின்னால் எந்திர அறைப் பக்கம். அந்த இடத்தில் தகடு நெளியுமா என்று சரிபார்க்கும்படி விதியே அப்போது கேட்கவில்லை. நடுவில் மட்டும் மானி வைத்திருந்தால் அது பச்சை விளக்கைத்தான் காட்டிக்கொண்டிருக்கும். நீங்கள் கடலில் இருந்தவர், உங்களுக்குத் தெரியும்: முகப்பு தண்ணீரில் அடித்து, அந்த அதிர்வு நடந்து நடந்து பின்பக்கக் கேபின் வரை வந்து மேசைக் கிளாசைக் குலுக்கினால், திரை என்ன சொன்னாலும் வேகத்தைக் குறைக்க வேண்டும், குறைத்தும் நிற்காவிட்டால் கப்பலின் தலையைச் சற்றுத் திருப்ப வேண்டும்.